மரத்தரைக்கு மேல் ஆத்தங்குடிக் கல்: வீடு கட்டுவோர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மரத்தரையைப் பற்றியே இருக்கின்றன. ஒன்று இங்கிலாந்து வீட்டுக்காக தேவகோட்டையிலிருந்து வந்தது, இன்னொன்று கொடைக்கானல் வீடு, மற்றொன்று நம் கானாடுகாத்தான் மச்சு (மாடி). மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறான். நூறு வருஷத்துக்கு மேலான செங்கல் வீடு. அடுக்களை 12 அடிக்கு 10 அடி, கீழ்த்தளம்தான், ஆனால் தரை முழுக்க மரப்பலகை. குளிருக்காகத் தரைக்குள்ளிருந்தே சூடு வருகிற மாதிரி செய்து, அதன் மேல் நம் ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் சிமெண்ட் டைல்) பதிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான். அங்கே டைல்ஸ் போடுகிறவர் மரத்தின் மேல் இவ்வளவு கனமான கல் நிற்காது என்று சொல்லிவிட்டாராம். கல்லை இங்கிருந்து கப்பலில் அனுப்பச் சொல்கிறான். அனுப்பலாமா?
— ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: போடலாம் ஆச்சி. ஆனால் கல்லுக்கு இன்னும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தம்பி முதலில் பார்க்கட்டும். டைல்ஸ்காரர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். பலகை மேல் நேராக ஒட்டினால் நிச்சயம் நிற்காது, அதில் அவர் சொல்வது சரி. நேராக ஒட்டாமல் செய்ய வழி இருக்கிறது.

நம் ஊரில் கீழ்த்தளம் என்றால் மண்ணைக் கெட்டித்து, ஜல்லி போட்டு, அதன் மேல் கலவை விரித்துக் கல் பதிக்கிறோம். அந்தத் தரை எங்கும் போகாது. அங்கே பழைய வீடுகளில் கீழ்த்தளமும் மச்சு மாதிரிதான். சுவருக்குச் சுவர் மரக்கட்டைகள் ஏறத்தாழ 16 அங்குலத்துக்கு ஒன்றாக ஓடும், அதன் மேல் பலகை அடித்திருப்பார்கள், அடியில் வெற்றிடம், வெளிச்சுவரில் காற்று போய் வர ஓட்டைக்கல் வைத்திருப்பார்கள். மரம் ஈரம் குடித்தால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாறவே மாறாது. மேலே ஆள் நடந்தால் கட்டை நடுவில் கொஞ்சம் வளைந்து நிமிரும். சிமெண்டில் செய்த கல்லுக்கு உப்பவும் தெரியாது, வளையவும் தெரியாது. இதற்கு நடுவே தினமும் சூடு ஏறி இறங்கும் கம்பியையும் வைத்தால், வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிற அசைவு நாளுக்கு ஒரு முறை நடக்கும். மரத்தையும் கல்லையும் ஒன்றோடு ஒன்று இறுகக் கட்டாமல், நடுவில் அசைவைத் தாங்கிக்கொள்ள ஏதாவது வைப்பதுதான் இந்த வேலை முழுவதும்.

முதலில் பாரம். ஆத்தங்குடிக் கல் முக்கால் அங்குலம், அதாவது 20 மி.மீ. கனம். சதுர அடிக்கு நான்கு கிலோவுக்குக் குறையாது. 120 சதுர அடிக்கு அரை டன். ஒட்டும் கலவை, மட்டம் செய்யும் கலவை எல்லாம் சேர்ந்தால் முக்கால் டன்னைத் தொடும். சதுர மீட்டருக்குச் சொன்னால் கிட்டத்தட்ட 70 கிலோ. அங்கே இப்போது கட்டும் வீடுகளின் தரைக்கு ஆள், சாமான் பாரமாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று கணக்கு வைக்கிறார்கள். நூறு வருஷத்துக் கட்டை எந்தக் கணக்கில் போட்டதோ யாருக்கும் தெரியாது, அதில் இந்த 70 கிலோ என்றைக்கும் நகராமல் உட்கார்ந்திருக்கப்போகிறது. அதனால் ஓர் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கட்டையின் அளவு, நீளம், இடைவெளி மூன்றையும் காட்டிக் கேட்பது வீண் செலவில்லை.

அப்புறம் வளைவு. அமெரிக்க டைல்ஸ் துறையில் ஒரு கணக்கு உண்டு. சாதாரண டைலுக்குக் கட்டையின் நீளத்தில் 360-ல் ஒரு பங்குக்கு மேல் வளையக் கூடாது, இயற்கைக் கல்லுக்கு 720-ல் ஒரு பங்கு. 10 அடி நீளக் கட்டை என்றால் முதல் கணக்கில் 8 மி.மீ. சொச்சம், இரண்டாவதில் 4 மி.மீ. சொச்சம். நம் கல் இயற்கைக் கல் இல்லைதான், ஆனாலும் நான் அதைக் கல் கணக்கிலேயே வைத்துப் பார்ப்பேன். அது சூளையில் சுட்டதில்லை அல்லவா. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, பூவுக்குப் பூ வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே காய்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, அதற்கு மேல் கலவையை அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, அந்த உறுதி தண்ணீர் கொடுத்தது. அமுக்கினால் தாங்கும், வளைத்தால் உடையும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அடுக்களை நடுவில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, நான்கடி தள்ளி நின்று குதிகாலால் ஓங்கி மிதிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தளும்பினால் அந்தத் தரை இன்னும் கல்லுக்குத் தயாராகவில்லை. இது இன்ஜினியர் கணக்குக்கு மாற்று அல்ல, கூப்பிடுவதற்கு முன் தெரிந்துகொள்ள.

தளும்பினால் என்ன செய்வது? கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே குறுக்குக் கட்டை இறுக்கி அடிக்கலாம். பலவீனமான கட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டையை ஒட்டிப் போல்ட் போட்டு முடுக்கலாம். கீழ்த்தளம் என்பதால் ஒரு வசதியும் இருக்கிறது: நடுவில் சின்னதாக ஒரு தாங்கு சுவர் எழுப்பினால் 10 அடி நீளம் இரண்டு 5 அடியாகிவிடும், ஆட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இதையெல்லாம் செய்யப் பலகையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நான் எப்படியும் கழற்றத்தான் சொல்வேன். பழைய பலகை மேலேயே இன்னொரு பலகை அடித்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள், அடியில் கட்டையின் முனை சுவருக்குள் உளுத்துப் போயிருந்தால் அது எப்படித் தெரியும்? கழற்றி, ஒவ்வொரு கட்டையின் முனையையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கட்டும். உள்ளே போனால் மரம் போயிற்று.

கட்டையெல்லாம் சரியானதும் நடுவில் வெப்பம் கீழே இறங்காமல் இருக்க கல்நார் பஞ்சு இல்லை, கல் கம்பளி என்று விற்கும் பஞ்சு அடைக்க வேண்டும் (இரண்டும் வேறு, கல்நார் என்பது ஆஸ்பெஸ்டாஸ், அதன் பக்கமே போகக் கூடாது). கீழே வலை கட்டி அதன் மேல் பஞ்சு. வெளிச்சுவர் ஓட்டைக்கல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. குளிர்காற்று வருகிறதே என்று அடைத்தால் அடியில் ஈரம் தங்கி, பத்து வருஷத்தில் கட்டை முழுக்கப் பூஞ்சை பிடித்துவிடும்.

அதன் மேல் 22 மி.மீ. ப்ளைவுட், ஈரம் தாங்கும் ரகம். விளிம்புகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் முதலில் பூச்சு கொடுத்துவிட்டு, விளிம்பு எல்லாம் கட்டை மேல் உட்காரும்படி வைத்து, ஆறு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. ஆணி வேண்டாம், ஆணி நாளடைவில் எழும்பும். ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவே 2, 3 மி.மீ. விடவேண்டும், சுவர் ஓரம் சுற்றிலும் 10 மி.மீ. விடவேண்டும். செங்கல் கட்டுகிற மாதிரி மூட்டு மாற்றி மாற்றி வரட்டும், நான்கு மூலையும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது.

ப்ளைவுட் மேல் நேராகச் சூட்டுக் கம்பி போட்டால் பாதிச் சூடு கீழே போகும், கரண்ட் பில் மேலே போகும். அதற்காக வெப்பம் தடுக்கும் போர்டு என்று தனியாக இருக்கிறது. நடுவில் கெட்டியான நுரை, இரு பக்கமும் நார் கலந்த சிமெண்ட் பூச்சு. 6 மி.மீ., 10 மி.மீ. கனங்களில் கிடைக்கும், 10 வாங்கச் சொல்லுங்கள். நெகிழ்வான ஒட்டுக் கலவையில் ஒட்டி, வாஷர் வைத்த ஸ்க்ரூ போட்டு, மூட்டுகளை நாடா ஒட்டி மூட வேண்டும். இந்த மூட்டு ப்ளைவுட் மூட்டுக்கு நேர் மேலே வரக் கூடாது.

கம்பிக்கு வருகிறேன். ஓர் அடுக்களைக்கு மட்டும் என்றால் மின்சாரக் கம்பிப் பாய், அதாவது வலையில் கம்பி கோத்த பாய், போதும். சதுர மீட்டருக்கு 150 வாட் என்பது வழக்கமான அளவு. கப்போர்டு, ஃபிரிட்ஜ் மாதிரி நகராத சாமான்களுக்கு அடியில் போடக் கூடாது, சூடு வெளியேற வழியில்லாமல் கம்பி கருகும். பாயைத் திருப்ப வலையை மட்டும் வெட்டலாம், கம்பியை வெட்டவே கூடாது, ஒரு கம்பி இன்னொன்றின் மேல் ஏறவும் கூடாது. வெப்பத்தை அளக்கும் சென்சார் ஒன்று தரைக்குள் போகும், அதை ஒரு மெல்லிய குழாய்க்குள் விட்டு வைக்கச் சொல்லுங்கள், நாளைக்குக் கெட்டால் கல்லை உடைக்காமல் உருவி மாற்றலாம்.

தம்பியிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்ல நினைப்பது ஒரு வேலையைத்தான்: மல்டிமீட்டரால் கம்பியை மூன்று முறை சோதிக்க வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் ஒரு முறை, தரையில் விரித்துப் பதித்ததும் ஒரு முறை, கல் போட்டு முடித்ததும் ஒரு முறை. பாயின் சீட்டில் எத்தனை ஓம்ஸ் என்று அச்சிட்டிருக்கும், மூன்று முறையும் அதற்குப் பக்கத்தில் வர வேண்டும், வந்ததைத் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். கொத்தனார் கரண்டி நுனி பட்டுக் கம்பி அறுந்தால் அன்றைக்கே கண்டுபிடித்துவிடலாம். கல்லெல்லாம் போட்டு, இடைவெளியில் க்ரௌட் கலவை அடைத்து, இரண்டு வாரம் காத்திருந்து, ஸ்விட்ச் போட்டுச் சூடு வராமல் நிற்பதைவிடக் கொடுமை வேறில்லை. மின் இணைப்பை அங்கே சான்றிதழ் பெற்ற எலெக்ட்ரீசியன்தான் கொடுக்க வேண்டும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. கட்டாயம். நம் ஊரில் இ.எல்.சி.பி. என்கிறோமே, அதே வேலை, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிப்பது.

கம்பி மேல் நெகிழ்வுத் தன்மையுள்ள மட்டக் கலவையை 10 மி.மீ. ஊற்றி மூடிவிட்டால் மேலே கண்ணாடி மாதிரி சமதளம் கிடைக்கும், கல் பதிப்பவர் கம்பியைத் தொடவே வேண்டியதில்லை. இதற்குப் பதிலாகக் குமிழ் குமிழாக இருக்கும் டீகப்ளிங் பாயும் உண்டு, குமிழ்களுக்கு நடுவே கம்பியைச் செருகிவிடலாம். கீழே மரம் அசைந்தாலும் மேலே கல்லுக்கு அதை விடாமல் தடுப்பது அதன் வேலை. மரத்தரை என்பதால் நானாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன், கொஞ்சம் விலை கூடினாலும்.

இனி கல். ஒட்டும் கலவை வாங்கும்போது மூட்டையில் சி2 எஸ்1 அல்லது சி2 எஸ்2 என்று போட்டிருக்கிறதா பார்க்க வேண்டும். எஸ் என்பது காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் என்பதற்கான குறி, எஸ்2 அதிகம் வளையும். தரையிலும் பல் கரண்டியால் தடவி, கல்லின் முதுகிலும் தடவி ஒட்ட வேண்டும். அடியில் காற்று நின்றால் அந்த இடத்தில் சூடும் ஏறாது, கல்லும் உடையும். நம் கல் கையால் செய்வதால் ஒன்றுக்கொன்று கனத்தில் ஒரு மி.மீ. வித்தியாசம் வரும், அதைக் கலவையில்தான் சரிக்கட்ட வேண்டும். ரப்பர் சுத்தியலால்கூடத் தட்ட வேண்டாம், கையால் அமுக்கி ஆட்டி உட்கார வைத்தால் போதும். இங்கே நம் மேஸ்திரிகள் கல்லைத் தண்ணீரில் முக்கிப் பதிப்பார்கள், அங்கே அப்படிச் செய்யக் கூடாது, ஈரப் பஞ்சால் முதுகைத் துடைத்தால் போதும்.

இன்னொன்று, இங்கே இடைவெளியே விடாமல் கல்லோடு கல் ஒட்டிப் போடுவதுதான் அழகு என்று நினைக்கிறோம், அந்த அழகு சூடேறும் மரத்தரைக்குச் சரிவராது. 2, 3 மி.மீ. இடைவெளி விட்டு நெகிழும் க்ரௌட் அடைக்க வேண்டும். க்ரௌட் அடைப்பதற்கு முன்பே சீலர் பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் க்ரௌட்டின் கறை வெள்ளைப் பூவில் ஏறி உட்கார்ந்துவிடும். சுவர் ஓரத்து இடைவெளியில் க்ரௌட் கூடாது, அங்கே சிலிக்கான், அதற்கு மேல் ஸ்கர்ட்டிங் மறைத்துக்கொள்ளும். இங்கே தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறோமே, அதைச் சூடான தரையில் செய்ய வேண்டாம் என்பது என் யோசனை.

போட்டு முடித்த அன்றே சூட்டைப் போட்டுக் காயவைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கலவை காய்வது வேறு, இறுகுவது வேறு. குறைந்தது இரண்டு வாரம் விட்டு, கலவை மூட்டையில் போட்டிருக்கும் நாளையும் பார்த்துக்கொண்டு, அறையின் வெப்பத்தில் தொடங்கி நாளுக்கு 2, 3 டிகிரியாக ஏற்ற வேண்டும். தரையின் மேல்பக்கம் 29 டிகிரிக்கு மேல் போக வேண்டியதில்லை. கேட்க நம் ஊர் மார்கழிப் பகல் மாதிரி இருக்கிறது, ஆனால் அந்தக் குளிரில் வெறுங்காலுக்கு அது போதும். கனமான கல் என்பதால் சூடேற நேரம் பிடிக்கும், ஏறிவிட்டால் சீக்கிரம் ஆறாது. காலையில் எழுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே டைமர் வைத்துக்கொள்ளட்டும்.

எல்லாம் சேர்ந்து ப்ளைவுட்டுக்கு மேல் 48 மி.மீ., ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயரும். கதவின் அடியை இழைக்க வேண்டும், பக்கத்து அறைக்கு ஒரு சின்னப் படி வரும், அடுப்பு, பாத்திரம் கழுவும் மெஷின் உயரமெல்லாம் மாறும். இதை முன்பே அளந்துகொள்ளச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தும் இன்ஜினியர் பாரம் தாங்காது என்று சொன்னால்? அப்போது இரண்டு வழி. மரத்தரையையே எடுத்துவிட்டு, வெப்பத் தடுப்பு வைத்துக் கான்கிரீட் போட்டுவிடலாம், செலவு அதிகம், பக்கத்து அறைகளுக்கு அடியில் போகும் காற்றுக்குக் குழாய் விட வேண்டும், ஆனால் அதற்குப் பிறகு கல்லைப் பற்றிய கவலையே இல்லை. இல்லையென்றால் தரைக்கு 9 மி.மீ. போர்சலின் போட்டுவிட்டு, ஆத்தங்குடிக் கல்லை வாசல் பக்கம் கெட்டித் தரை இருக்கும் இடத்தில் பதிக்கலாம். அவன் பிறந்து வளர்ந்த வளவு வீட்டுத் தரையின் பூ அங்கே இருக்க வேண்டும் என்பதுதானே ஆசை. வாசலில் இருந்தாலும் தினம் மிதித்துத்தான் உள்ளே போவான்.

கல் அனுப்புவது உறுதியானால் வேண்டியதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூட வாங்குங்கள், பிறகு அதே நிறம் கிடைப்பது கஷ்டம். தொட்டியிலிருந்து எடுத்ததும் ஏற்றிவிடாமல், செய்து ஒரு மாதமாவது ஆன கல்லாகக் கேளுங்கள். ஈரத்தோடு கட்டினால் கப்பலிலேயே உப்புப் பூத்துவிடும். படுக்கை வசமாக அடுக்கக் கூடாது, நிறுத்தித்தான் அடுக்க வேண்டும்.

கேள்வி: கொடைக்கானலில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு, தரை மரம். டிசம்பர், ஜனவரியில் கால் வைக்க முடியவில்லை. டைல்ஸ் போட்டுத் தரையைச் சூடாக்க நினைக்கிறோம். சுடுதண்ணீர்க் குழாய் நல்லதா, மின்கம்பி நல்லதா?
— வாசகர், காரைக்குடி

பதில்: வருஷம் முழுக்க அங்கேயே குடியிருந்து, வீடு முழுவதும் சூடாக்குவதென்றால் குழாய். 35 முதல் 45 டிகிரி வரை தண்ணீர் ஓடினால் போதும், ஓடும் செலவு குறையும். ஆனால் பாய்லர், பம்ப், பிரிப்புக் குழாய் என்று முதல் செலவு பெரிது. மரத்தரையில் குழாய்க்கு அலுமினியத் தகடு வைத்தால்தான் சூடு பரவும், அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த ஆளையும் தேடிப் பிடிக்க வேண்டும். குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதித்து, அந்த அழுத்தத்தோடே மேல்வேலை செய்ய வேண்டும்.

நீங்கள் காரைக்குடியிலிருந்து லீவுக்குப் போகிறவர்கள். உங்களுக்கு ஒரு படுக்கையறைக்கும் பாத்ரூமுக்கும் மின்கம்பி போதும். 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 1.4 கிலோவாட், ஒரு கீசரைவிடக் குறைவு. கரண்ட் போனால் சூடும் போகும், இன்வெர்ட்டரில் ஓட்ட நினைக்காதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பழைய மலை வீடுகளில் அதுதான் பெரும்பாலும் இருப்பதில்லை. தரை வேலைக்கு மேலே ஆச்சிக்குச் சொன்னது முழுக்க உங்களுக்கும் பொருந்தும், கல் மட்டும் 8, 9 மி.மீ. கனமுள்ளதாக எடுங்கள். மேலே கனமான ஜமுக்காளம் விரித்துவிட்டால் சூடு மேலே வராது.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பங்கு வீட்டில் மச்சு அறை ஒன்று எங்களுக்கு வந்திருக்கிறது. தரை பர்மா தேக்குப் பலகை, அடியில் தேக்குக் கட்டை, கீழே நின்று பார்த்தால் கட்டையெல்லாம் தெரியும். படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் வரும்போது வயதானவர்கள் இரவில் கீழே இறங்க முடியவில்லை. அறையின் ஒரு மூலையில் பாத்ரூம் தடுத்து டைல்ஸ் போடலாமா? மேஸ்திரி பள்ளத் தளம் வைத்துச் செங்கல் துண்டு நிரப்பித் தருகிறேன் என்கிறார்.
— வாசகி, சென்னை

பதில்: செங்கல் துண்டு நிரப்ப விடாதீர்கள். ஓர் அடி ஆழம் நிரப்பினால் சதுர மீட்டருக்கு அரை டன்னுக்கு மேல் ஏறும். உங்கள் ஐயா காலத்துத் தேக்கு நல்ல மரம்தான், கடல் தாண்டி வந்து இத்தனை தலைமுறை நின்ற மரம், ஆனால் அதை மண் சுமக்க வைக்கவில்லை.

இதில் நான் ஒரு முறை தவறு செய்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். பல வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு மச்சில், பலகை மேல் தார் ஷீட் விரித்து, கோழி வலை அடித்து, ஒன்றரை அங்குலம் கலவை போட்டு டைல்ஸ் பதித்துக் கொடுத்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. அடுத்த சித்திரையில் க்ரௌட் நூல் நூலாக விட்டது. அதற்கடுத்த ஐப்பசி மழையில் கீழே பட்டாலையில் (கூடத்தில்) தேக்கு விட்டத்தின் மேல் கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. உடைத்துப் பார்த்தபோது ஷீட்டுக்கு அடியில் பலகை மூச்சு விட முடியாமல் ஊறிக் கிடந்தது, பக்கத்திலேயே கரையான் புற்று. மூன்று பலகையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதே அகலத்தில் அதே வயதுப் பலகை தேடி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அலைந்தோம், கிடைத்தது வேறொரு வீட்டை இடித்ததில் வந்த பலகை. அதை வாங்கி வந்து பொருத்தும்போது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

அதனால் என் முதல் பதில், மச்சில் வேண்டாம். வீட்டின் பின்பக்கம் வெளிச்சுவரை ஒட்டித் தனியாக இரும்புத் தூண் நிறுத்தி, மச்சு உயரத்தில் ஒரு சின்னத் தளம் போட்டு, அங்கே பாத்ரூம் கட்டிக்கொண்டு, இருக்கும் ஜன்னலைக் கதவாக மாற்றிக்கொள்ளலாம். பாரம் பழைய சுவரிலும் ஏறாது, தண்ணீர் கசிந்தாலும் வெளியே போகும், என்றைக்காவது வேண்டாம் என்றால் தூணைக் கழற்றினால் வீடு பழையபடி இருக்கும். பங்கு வீடு என்பதால் மற்ற பங்காளிகளிடம் வரைபடத்தைக் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றிருக்கின்றன, அந்தப் பட்டியலுக்காக இல்லாவிட்டாலும், உங்கள் பிள்ளைகளுக்காகவாவது பலகையில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

வெளியே இடமே இல்லை, உள்ளேதான் என்றால், கட்டை முனைகளை ஆசாரியை வைத்துக் குத்திப் பார்த்து, கரையான் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, இன்ஜினியர் சொன்னால் கீழே சுவரிலிருந்து சுவருக்கு ஓர் இரும்பு விட்டம் கொடுத்து, அதன் பிறகு இப்படிச் செய்யுங்கள். தேக்குப் பலகை மேல் எதையும் ஒட்டக் கூடாது. பிரிக்கும் ஷீட் ஒன்றை விரித்து, அதன் மேல் 19 மி.மீ. மரைன் ப்ளைவுட்டைத் தனித் தளமாக வைத்து, கட்டைக்கு நேரே மட்டும் ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள், என்றைக்கும் கழற்ற முடிய வேண்டும். அதன் மேல் சிமெண்ட் போர்டு, சுவரில் ஓர் அடி ஏறும்படி நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை, 8 மி.மீ. டைல்ஸ், எபாக்சி க்ரௌட். தண்ணீர் ஊற்றிக் குளிக்கும் இடத்துக்கு மட்டும் ஒரே வார்ப்பாக வரும் ஃபைபர் தட்டு வைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். குழாய் எல்லாம் சுவருக்கு வெளியே தெரியும்படி ஓடட்டும், மறைத்தால் கசிவும் மறையும். அடிப்பக்கத்துத் தேக்குக்கு வார்னிஷ் அடித்து மூடிவிடாதீர்கள், மேலேயும் கீழேயும் மூடினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியிருக்காது. டைல்ஸ் போடுவதற்கு முன் நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிக் கீழே நின்று பாருங்கள். நீங்களே நின்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் மங்கிவிட்டது. கடையில் விற்கும் ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: கூடாது. ஆசிட் சிமெண்டைத் தின்னும், மேல் வண்ணமே சில மி.மீ. கனம்தான். எலுமிச்சை, புளி, வினிகர் சிந்தினால்கூட உடனே துடைத்துவிட வேண்டும். வெறும் தண்ணீரில் சாதாரண சோப்பு கொஞ்சம் கலந்து துடைத்து, காய்ந்ததும் ஒரு துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு, முழுத்தரைக்கும் ஒரே துணியால் தேயுங்கள். முதல் வாரம் வித்தியாசம் தெரியாது, தினம் நடக்க நடக்கப் பளபளப்பு திரும்பும். ஒரே இடத்தில் மட்டும் வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருந்தால் அது அழுக்கில்லை, அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. பக்கத்துச் சுவரில் தண்ணீர்க் குழாய் கசிகிறதா என்று பாருங்கள்.